சோளக்காட்டு ஓடுபாதையும் கார்மின் ஜிபிஎஸ் 175-உம்: மூன்று குளிர்காலம் பறந்த பிறகு

எங்கள் விமானம் 1975ஆம் வருடத்துப் பைபர் வாரியர். ஒரே என்ஜின், நான்கு இருக்கை. மூன்று பேர் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். அது நிற்கிற இடம் ஓஹாயோவின் மேற்குப் பகுதியில் ஒரு சின்ன விமான நிலையம். 4,000 அடி ஓடுபாதை ஒன்று, இரண்டு பக்கமும் சோளமும் சோயாவும், ஒரு பெட்ரோல் பம்பு, ஒரு தகரக் கொட்டகை. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. வானொலியில் நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இறங்க வேண்டும்.

ஓஹாயோ குளிர்காலம் தெரிந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: நவம்பரிலிருந்து மார்ச் வரை வானம் கரிப்பிடித்த சட்டியைக் கவிழ்த்துவைத்த மாதிரி இருக்கும். மேகம் தரையிலிருந்து 400 அடி, 600 அடி, நல்ல நாளில் 1,000 அடி. சொந்த விமானம் வைத்துக்கொண்டு, அந்த ஐந்து மாதமும் அதைத் துடைத்துத் துடைத்து வைப்பதுதான் எங்கள் வேலையாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு மூவரும் கூடிப் பேசி கார்மின் ஜிபிஎஸ் 175 என்கிற வழிகாட்டிக் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் பெட்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அது எதற்காக என்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் காசு கொடுத்தது பெட்டிக்கு என்றாலும், வாங்கியது எல்பிவி என்கிற ஒரு இறங்கும் வழியைத்தான்.

மேகத்துக்குள் இருந்து கருவிகளை மட்டும் பார்த்து ஓடுபாதைக்கு வருவதைத்தான் இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் என்கிறோம். பெரிய விமான நிலையங்களில் இதற்கு ஐஎல்எஸ் உண்டு. ஓடுபாதையின் கோடியில் ஒரு ஆன்டெனா வரிசை இடம் வலம் காட்டும். ஓடுபாதைக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொன்று இறங்கும் சரிவைக் காட்டும். அற்புதமான ஏற்பாடு. ஆனால் ஒரு ஓடுபாதை முனைக்கு அதை நிறுவவே மில்லியன் டாலர் கணக்கில் ஆகும். அப்புறம் பராமரிப்பு, அடிக்கடி விமானம் அனுப்பிச் சோதனை, பனி பெய்தால் ஆன்டெனா முன்னால் வழித்துவிடும் வேலை. வாரத்துக்கு முப்பது விமானம் வந்து போகிற எங்கள் சோளக்காட்டுக்கு யார் அதை வைப்பார்கள்?

எங்களுக்கு இருந்தது ஒரு விஓஆர் அப்ரோச். 18 மைல் தள்ளி, திசை காட்டும் வானொலி நிலையம் ஒன்று. அது அனுப்பும் கதிரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். நிலையத்தை விட்டு விலக விலக அந்தக் கதிர் விரிந்துகொண்டே போகும். ஓடுபாதைக்குப் பக்கத்தில் வரும்போது, அதாவது துல்லியம் எப்போது வேண்டுமோ அப்போது, முள் காட்டுவதில் பாதி மைல் வித்தியாசம்கூட இருக்கலாம். அதைவிடப் பெரிய குறை, இறங்கும் சரிவு என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. இந்த இடம் தாண்டினால் இந்த உயரத்துக்கு இறங்கு, அங்கே சமமாகப் பிடி, அடுத்த இடம் தாண்டினால் அடுத்த படி. கடைசிப் படி எங்கள் ஊரில் தரைக்கு 700 அடி மேலே. அங்கே சமமாகப் பறந்துகொண்டே கண்ணை இடுக்கி ஓடுபாதையைத் தேட வேண்டும். எட்டிப் பார்ப்பதற்கும் முள்ளைப் பார்ப்பதற்கும் இடையில் கை தானாக மூக்கைக் கீழே அழுத்திவிடும். தரை தெரியாமல் மோதிய விபத்துகளில் பல இப்படிப் படிப்படியாக இறங்குகையில் நடந்தவைதான்.

எல்பிவி இந்தப் படிக்கட்டை எடுத்துவிட்டுச் சறுக்குப் பாதை ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறது. ஓடுபாதையில் எந்தக் கருவியும் வேண்டாம். மேலே செயற்கைக்கோள், விமானத்துக்குள் இந்தப் பெட்டி, அவ்வளவுதான்.

வெறும் ஜிபிஎஸ்ஸை நம்பி மேகத்துக்குள் 250 அடி வரை இறங்க முடியாது. இடம் வலம் பரவாயில்லை. உயரம் சரியாக வராது, தப்பாகச் சொன்னால் அது தப்பு என்று உடனே சொல்லவும் ஆளில்லை. அதற்காக அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ அமைத்ததுதான் வாஸ் என்கிற திருத்த ஏற்பாடு. 2003 ஜூலை 10 முதல் நடப்பில் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலுமாக 38 தரை நிலையங்கள். ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தை அங்குலம் பிசகாமல் அறிந்தது. வருகிற ஜிபிஎஸ் சிக்னலைக் கேட்டு, 'நான் இங்கே நிற்கிறேன், நீ என்னை அங்கே காட்டுகிறாய்' என்று வித்தியாசத்தைக் கணக்கெடுக்கும். மூன்று தலைமை நிலையங்கள் அதையெல்லாம் கூட்டி ஒரு திருத்தமாக்கி, பூமத்திய ரேகைக்கு மேலே நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்கள் வழியாக நமக்கு அனுப்பும். அதுவும் ஜிபிஎஸ்ஸின் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருவதால் தனி ரிசீவர் தேவையில்லை.

திருத்தத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதன் நேர்மை. பெரும்பாலான நேரம் பிழை ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்கும். ஆனால் பெட்டி அந்த ஒன்றிரண்டு மீட்டரை வைத்து முடிவெடுப்பதில்லை. 'மிக மோசமாகப் போனால் எவ்வளவு தப்பாக இருக்கலாம்' என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஊர் மாதிரி 250 அடி வரை இறங்கும் எல்பிவிக்கு, உயரத்தில் அந்த எல்லை 50 மீட்டர். 200 அடி வரை இறங்குவதற்கு 35 மீட்டர். கணக்கு அதைத் தாண்டினால் எல்பிவி கிடையாது என்று சொல்லிவிடும். தப்பான தகவல் புகுந்தால் ஆறு நொடி அளவில் எச்சரிக்கை வந்தாக வேண்டும் என்பது அதன் வடிவமைப்பிலேயே இருக்கும் நிபந்தனை.

சரி, பெட்டி. 6.25 அங்குல அகலம், 2 அங்குல உயரம். பழைய ரேடியோ ஒன்றைக் கழற்றிய பள்ளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தொடுதிரை, வலது பக்கம் ஒரு இரட்டைத் திருகு. பேசுகிற ரேடியோ இதில் இல்லை, விஓஆர் இல்லை, ஐஎல்எஸ் இல்லை, ஜிபிஎஸ் மட்டும். இதே நிறுவனத்தின் பெரிய பெட்டிகளில் எல்லாம் ஒன்றாக வரும், விலையும் அதற்கேற்ப ஏறும். எங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ரேடியோ, ஐஎல்எஸ்ஸோடு சேர்த்து, இருந்தது. அதனால் எங்களுக்கு இது பொருத்தம். திரை சின்னது என்று தெரிந்தேதான் வாங்கினோம். வரைபடத்தை ஐபேடில் பார்த்துக்கொள்கிறோம். இதில் பார்ப்பது எந்தப் பாதை, எந்த மோடு, எவ்வளவு தூரம் என்கிற மூன்றை மட்டும்.

குலுக்கலில் தொடுதிரை எந்த விமானத்திலும் சிரமம்தான். இதற்கு ஒரு பழக்கம் உண்டு: கட்டைவிரலைப் பெட்டியின் கீழ் விளிம்பில் ஊன்றிக்கொண்டு ஆள்காட்டி விரலால் தட்ட வேண்டும். ஒரு வாரத்தில் வந்துவிடும். எண்ணோ எழுத்தோ மாற்ற வேண்டியிருந்தால் திருகையே பயன்படுத்துகிறேன்.

அப்ரோச்சை ஏற்றுவது சுலபம். ஊரைத் தேர்ந்தெடுத்து, அப்ரோச்சைத் தட்டி, எங்கிருந்து நுழைவது என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடிக்கும். அச்சிட்ட அப்ரோச் படத்தின் மூலையில் வாஸ் சேனல் எண்ணும், அதற்குக் கீழே 'டபிள்யூ27ஏ' மாதிரி ஒரு குறியீடும் இருக்கும். நடுவிலுள்ள 27 ஓடுபாதை எண். பெட்டியில் ஏற்றியதும் அதே குறியீடு திரையில் வருகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். தப்பான முனைக்கான அப்ரோச்சை ஏற்றிவிடும் ஆபத்து அங்கேயே தீர்ந்துவிடும்.

போன வருடம் அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு. கென்டக்கியில் லெக்சிங்டனில் இருக்கும் என் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். கிளம்பும்போது எங்கள் ஊருக்கு 1,200 அடி மேகம் என்று முன்னறிவிப்பு. மேகத்துக்குள் உறைநிலைக்கு நன்றாக மேலே இருந்ததால்தான் புறப்பட்டேன். பனி ஒட்டினால் உதிர்க்க வாரியரில் எந்த வசதியும் இல்லை. மாற்று நிலையமாக டேட்டனைப் போட்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்து, ஊரின் தானியங்கி வானிலைக் குரலைக் கேட்டால், மேகம் 400 அடி, பார்வைத்தூரம் இரண்டு மைல். பழைய அப்ரோச்சாக இருந்தால் அந்த இடத்திலேயே டேட்டனுக்குத் திரும்பியிருப்போம். அங்கே விமானத்தை விட்டுவிட்டு, வாடகைக் கார் பிடித்து, மறுநாள் வேலைக்கு லீவு சொல்லி, வானம் தெளிகிற அன்றைக்கு வந்து எடுக்க வேண்டும். இது எங்களுக்கு நடந்திருக்கிறது, இரண்டு முறை.

கட்டுப்பாட்டாளர் அப்ரோச்சுக்கு அனுமதி கொடுத்து, ஊர் அலைவரிசைக்கு மாறச் சொன்னார். மாறியதும் முதல் வேலை, மைக் பொத்தானை ஐந்து நொடிக்குள் ஏழு முறை அமுக்குவது. ஓடுபாதை விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரிய அதுதான் சமிக்ஞை. ஆளில்லாத நிலையத்தில் மேகத்துக்கு மேலிருந்து நாமே விளக்குப் போட்டுக்கொள்கிறோம். எத்தனை முறை செய்தாலும் அந்த ஏழு தட்டல் எனக்குள் ஏதோ செய்கிறது.

இறுதிச் சரிவு தொடங்கும் புள்ளிக்கு இரண்டு மைல் முன்னாலிருந்து முள்ளின் அளவுகோல் ஒடுங்க ஆரம்பித்து, திரையின் கீழே 'எல்பிவி' என்று பச்சையில் வந்தது. அதை நான் வாய்விட்டுப் படிப்பேன். "எல்பிவி." பக்கத்தில் மனைவியும், "எல்பிவி" என்றாள். அவள் பைலட் இல்லை. ஆனால் நான் படிக்க மறந்தால் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

ஐந்து மைலில், தரைக்கு 1,650 அடி மேலே, சரிவைக் காட்டும் குறுக்கு முள் மேலிருந்து மெல்ல இறங்கி நடுவுக்கு வந்தது. த்ராட்டிலைக் குறைத்து 90 நாட் வேகம். நிமிடத்துக்கு 480 அடி இறக்கம். அதற்குப் பிறகு மூன்றரை நிமிடத்துக்கும் குறைவுதான். அந்த நேரம் முழுக்க இரண்டு முள்ளும் நடுவில், நடுங்காமல். ஐஎல்எஸ் பறந்தவர்களுக்குச் சொல்கிறேன்: கையில் உணர்வது அதேதான், இன்னும் கொஞ்சம் சாந்தமாக. ஐஎல்எஸ்ஸில் எதிரே ஒரு விமானம் ஓடுபாதையில் ஊர்ந்தாலே சில சமயம் முள் ஆடும். இதில் அந்த ஆட்டம் இல்லை. ஓடுபாதை நெருங்க நெருங்க முள் ஐஎல்எஸ் போலவே நுட்பமாகிறது. விளிம்பில் முழு விலகலே 350 அடிதான்.

உயரமானிக் கணக்கில் தரைக்கு 400 அடி மேலே என்பதைக் கடந்தோம். வெளியே பால். என் பார்வை உள்ளேதான். "அதோ, லைட்டுங்க" என்றாள் அவள். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு நேர் நடுவே இரண்டு வரிசை விளக்கு. வலது இடது தேட வேண்டியிருக்கவில்லை, மூக்கை அழுத்த வேண்டியிருக்கவில்லை. எந்த இறக்கத்தில் வந்தோமோ அதே இறக்கத்தில் சக்கரம் தரையைத் தொட்டது. நின்றதும் போனில் கூப்பிட்டு எங்கள் ஐஎஃப்ஆர் அனுமதியை, அதாவது கருவிகளைப் பார்த்துப் பறக்க வாங்கிய அனுமதியை, முடித்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த விமானத்தை உள்ளே விடமாட்டார்கள். கோபுரம் இல்லாத ஊரில் இது மற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

அன்றைக்கு இறங்கியதைவிட, இறங்கிய விதம்தான் எனக்கு முக்கியம். 700 அடி 250 அடியானது நல்லதுதான். ஆனால் இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு 700 அடி மேகத்திலும்கூட முன்பைவிட நிம்மதியாக இறங்குகிறேன். ஏனென்றால் படிக்கட்டு இல்லை.

இனி குறைகள். முதலில் பொருத்திய வொர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். மூன்று வாரம் என்று சொல்லி ஒன்பது வாரம் வைத்துக்கொண்டார்கள். அதை மன்னித்துவிடலாம், இந்தத் தொழிலில் ஆள் பஞ்சம். மன்னிக்க முடியாதது வேறு. முதல் மாதத்தில் மூன்று முறை, இறுதி அப்ரோச்சுக்கு முன்னால், எல்பிவி போய், சரிவு இல்லாத வழியான எல்நாவ் என்று வந்தது. ஒவ்வொரு முறையும் தெளிந்த வானில் பயிற்சி, அதனால் ஆபத்தில்லை. ஆன்டெனா பழுது என்று நினைத்தோம். கனெக்டர் தளர்ந்திருக்குமோ என்று நினைத்தோம்.

கண்டுபிடித்தவர் எங்கள் மூவரில் மூத்தவர். மதுரைக்காரர், டெலிகாம் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். "தம்பி, மூணு தடவையும் நீ பேசிட்டு இருந்தப்பதான் போச்சு, கவனிச்சியா?" என்றார். இல்லை, கவனிக்கவில்லை. எங்களிடம் இரண்டாவது ரேடியோ ஒன்று, மிகப் பழையது. அந்தப் பகுதிக் கட்டுப்பாட்டாளரின் அலைவரிசை 121.2. அண்ணன் ஒரு காகிதத்தில் 121.2-ஐ 13ஆல் பெருக்கிக் காட்டினார்: 1575.6. ஜிபிஎஸ் இருப்பது 1575.42. பழைய ரேடியோ தன் அலைவரிசையின் பதின்மூன்றாவது மடங்கிலும் கொஞ்சம் கசியவிடுகிறது. நாம் பொத்தானை அமுக்கிப் பேசுகிற அந்த நேரத்தில், 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து வருகிற மெல்லிய சிக்னலை, இரண்டடி தள்ளியிருக்கும் நம் ஆன்டெனாவே கத்தி மூழ்கடித்துவிடுகிறது.

இது யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. பொருத்தி முடித்ததும் 121.150, 121.175, 121.200 ஆகியவற்றிலும், பன்னிரண்டாவது மடங்குக்காக 131.250, 131.275, 131.300 ஆகியவற்றிலும் ஒவ்வொரு ரேடியோவிலும் அரை நிமிடம் போலப் பொத்தானை அமுக்கி ஜிபிஎஸ் சிக்னல் விழுகிறதா என்று பார்க்க வேண்டியது வழக்கமான சோதனை. வொர்க்‌ஷாப் நல்ல ரேடியோவில் மட்டும் செய்துவிட்டுப் பழையதை விட்டுவிட்டது. படிவத்திலோ இரண்டுக்கும் டிக். திரும்பக் கொண்டுபோய்ப் பழைய ரேடியோவின் ஆன்டெனா கேபிளில் ஜிபிஎஸ் அலைவரிசையில் கசிவதைத் தடுக்கும் நாட்ச் ஃபில்டர் ஒன்று போட்டோம். கட்டைவிரல் பருமன் உருளை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த இரண்டே முக்கால் வருடத்தில் பேசும்போது ஒரு முறைகூட விழவில்லை. நீங்கள் பொருத்துவதாக இருந்தால் விமானத்தை எடுக்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆறு அலைவரிசையையும் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். எல்லா ரேடியோவிலும்.

இரண்டாவது குறை பெட்டியினுடையது இல்லை, நம் கண்ணினுடையது. எல்லாச் சின்ன நிலையங்களுக்கும் எல்பிவி கிடைக்காது. மரம், குன்று, கோபுரம் ஏதாவது நடுவில் இருந்தால் சில இடங்களில் எல்நாவ் மட்டும்தான், அதாவது இடம் வலம் மட்டும். ஆனாலும் பெட்டி உதவி செய்ய நினைத்து ஒரு சரிவைத் தானே வரைந்து காட்டும். அப்போது திரையில் 'எல்நாவ் பிளஸ் வி' என்று வரும். குறுக்கு முள் எல்பிவியில் ஆடுகிற மாதிரியே ஆடும். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. ஆனால் அந்தச் சரிவு வெறும் யோசனைதான். குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே அதில் தடை எதுவும் இல்லை என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு போனால் மரத்தில் கொண்டுபோய் விடலாம். நான் எழுத்தை வாய்விட்டுப் படிப்பதற்குக் காரணம் இதுதான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தால், "என்ன எழுதியிருக்குன்னு சொல்லுப்பா" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். கேட்கட்டும்.

எங்கள் ஊரிலேயே மேற்கு முனைக்கு 250 அடி, கிழக்கு முனைக்கு 390. ஒரு மைல் தள்ளி நிற்கும் தானியக் குதிர் ஒன்றுதான் காரணம். அதோடு, ஓடுபாதைக்கு முன்னாலேயே வழிகாட்டும் அப்ரோச் விளக்குவரிசை எங்களுக்குக் கிடையாது. அதனால் பார்வைத்தூரம் ஒரு மைல் வேண்டும். விளக்குவரிசையும் சரியான ஓடுபாதை அடையாளங்களும் உள்ள இடத்தில் அதே எல்பிவி 200 அடிக்கும் அரை மைலுக்கும் இறங்கும், ஐஎல்எஸ் அளவுக்கு. செயற்கைக்கோள் இலவசம், கீழே விளக்கு வைப்பது அந்தந்த ஊரின் காசு.

உயரமானியைப் பற்றியும் ஒரு சொல். எல்பிவியின் சரிவு செயற்கைக்கோள் கணக்கில் வருவது, காற்றழுத்தத்தில் இல்லை. கடுங்குளிரில் காற்று சுருங்கி உயரமானி ஏமாற்றினாலும் சரிவு தன் இடத்தில்தான் நிற்கும். ஆனால் 'இங்கே முடிவெடு' என்கிற உயரத்தை நாம் உயரமானியில்தான் படிக்கிறோம். அழுத்த எண்ணைத் தப்பாக வைத்தால் சரியான சரிவில் வந்தும் தப்பான இடத்தில் முடிவெடுப்போம். புதிதாக வருகிறவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

2024 மே 10 வெள்ளி இரவு பற்றிச் சொல்லாமல் முடியாது. அன்றைக்குப் பெரிய சூரியப்புயல். எங்கள் கொல்லைப்புறத்திலிருந்தே வடக்கு வானம் ரோஜா நிறத்திலும் பச்சையிலும் அலையலையாகத் தெரிந்தது. பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தோம். அதே நேரத்தில் நாட்டின் பெரும் பகுதியில் எல்பிவி சேவை விழுந்திருந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஜிபிஎஸ் சிக்னல் அயனிமண்டலத்தைக் கடந்து வர வேண்டும். அது கொந்தளித்தால் 38 நிலையமும் சேர்ந்து கணக்குப் போட்டாலும் திருத்தத்தை நம்ப முடியாது. வாஸ் அன்றைக்குத் தப்பான உயரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 'என்னால் உத்தரவாதம் தர முடியாது' என்று விலகிக்கொண்டது. இதைக் குறை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்படி ஒரு இரவில் ஜிபிஎஸ் மட்டும் வைத்துக்கொண்டு மேகத்துக்கு மேல் மாட்டக்கூடாது. எங்கள் பழைய ஐஎல்எஸ் ரிசீவரைக் கழற்றிவிடலாமா என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. மாற்று நிலையம் திட்டமிடும்போதும், விதிப்படி அங்கே எல்பிவி எல்லையைக் கணக்கில் எடுக்கக் கூடாது, எல்நாவ் எல்லையைத்தான் எடுக்க வேண்டும். நல்ல விதி.

ஊரில் இருப்பவர்கள் கேட்பது, இது இந்தியாவில் உண்டா என்று. உண்டு. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கட்டிய ககன் இதே வேலையைச் செய்கிறது. 15 தரை நிலையங்கள். ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாகத் திருத்தம் வருகிறது. 2015 ஏப்ரலில் செங்குத்து வழிகாட்டலுக்குச் சான்று கிடைத்தது. அங்கே வேலை இங்கே இருப்பதைவிடக் கடினம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அயனிமண்டலம் சாதாரண நாளிலேயே, முக்கியமாகச் சூரியன் மறைந்த பிறகு, அலைபாயும். அதைத் தாண்டித்தான் 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் சிறிய பயணிகள் விமானமான ஏடிஆர் 72 ஒன்று ககனைப் பிடித்து எல்பிவியில் இறங்கியது. ஆசிய பசிபிக் பகுதியில் அதுதான் முதல் முறை. கிஷன்கர் ஒரு சின்ன நிலையம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் சோளக்காடுதான் நினைவுக்கு வந்தது. சேலம் மாதிரியான ஊர்களில், மூடுபனிக் காலைகளில், ஏடிஆருக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

காசு விவரம். ஜிபிஎஸ் 175 வெளிவந்தது 2019இல், அப்போது பட்டியல் விலை 4,995 டாலர். எங்களுக்கு ஆன்டெனா, இரட்டை முள் கருவி, கேபிள், கூலி எல்லாம் சேர்ந்து 10,800 ஆனது, ஆளுக்கு 3,600. 28 நாளுக்கு ஒருமுறை தரவுத்தளத்தைப் புதுப்பிக்க வருடச் சந்தா தனி. சிக்னலுக்குக் கட்டணம் கிடையாது. அமெரிக்கா முழுக்க எல்பிவி அப்ரோச்சுகள் 4,000க்கு மேல். பாதிக்கு மேற்பட்டவை ஐஎல்எஸ் இல்லாத ஓடுபாதை முனைகளுக்கு. மேகம் மூடும் ஊரில் இருந்து, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வைத்துக்கொண்டு, பழைய விமானம் ஓட்டுகிறவர் என்றால் என்ஜின் ஓவர்ஹாலுக்கு அடுத்தபடி முதலில் செய்ய வேண்டிய செலவு இது. வெயிலில் மட்டும் பறப்பவருக்குத் தேவையில்லை. ஒரு ஐபேடு போதும். ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது, பேசுகிற ரேடியோ இல்லாததால் அலைவரிசைகளை நாமே தனியாகத் தட்ட வேண்டியிருப்பதற்கு.

இன்னொரு லாபம் கணக்கில் வராதது. ரேட்டிங் உயிரோடு இருக்க ஆறு மாதத்தில் ஆறு அப்ரோச் செய்திருக்க வேண்டும். முன்பெல்லாம் சரிவு உள்ள அப்ரோச் பழக டேட்டன் வரை போய் ஜெட்டுகளுக்கு இடையில் இடம் கேட்க வேண்டும். இப்போது கொட்டகையிலிருந்து கிளம்பி, சுற்றி வந்து, எங்கள் ஓடுபாதையிலேயே. வருகிற சனிக்கிழமை அண்ணன் வெளியே பார்க்கவிடாத அந்த முகமூடியை மாட்டிக்கொள்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொள்வேன். அவருக்கு இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது.